ஏழாம் பெட்டியின் மூடி

வெள்ளிக்கிழமை எங்களுக்கு அரை நாள் டூட்டி. பதினொரு மணி வாக்கில் பூங்கொடியிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு வந்தது. பூங்கொடி, சேவுகன் அண்ணனின் மகள். மானாமதுரையில் கட்டிக்கொடுத்திருக்கிறது. அண்ணனை டயாலிசிஸுக்கு அழைத்துப் போவதும் வருவதும் அவள்தான். சத்தத்தைக் குறைத்துக் காதோடு வைத்துக் கேட்டேன். "அத்தை, அப்பா காலைல போயிட்டாங்க. துபாய்ல முதல்ல உங்களுக்குத்தான் சொல்லணும்னு சொல்லி வச்சிருந்தாங்க." அவ்வளவுதான் இருந்தது. எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. இன்னும் ஒரு வாரம் இருந்துவிட்டுப் போனால் என்ன இந்த மனுஷனுக்கு என்று நினைத்தேன். அந்தக் கோபம் அவர்மேல் இல்லை என்பது வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் உறைத்தது.

அவரோடு வேலை செய்தவர்களுக்கும், ஒரே ரூமில் கிடந்தவர்களுக்கும், அதற்கு முன்னால் புஜைரா துறைமுகக் கிடங்கில் அவரைப் பார்த்தவர்களுக்கும் இதை எழுதுகிறேன். இங்கே அண்ணன் என்பதற்கு எல்லாரும் பாய் என்பார்கள், உங்களில் பாதிப் பேருக்கு அவர் 'மூடி பாய்'. எந்த மரப்பெட்டி வந்து இறங்கினாலும் அதன் மூடியைத் திருப்பி உள்பக்கத்தைப் பார்க்காமல் அவர் நகர மாட்டார் என்பதால் வந்த பேர். சிரித்தீர்கள், நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். ஏன் பார்த்தார் என்பது உங்களில் யாருக்கும் தெரியாது என்று நினைக்கிறேன். என்னிடம் சொன்னபோது வெளியே சொல்லாதே என்று அவர் கேட்டுக்கொள்ளவில்லை. அதனால் சொல்கிறேன்.

நாங்கள் இரண்டு பேரும் துபாயில் அல் கூஸ் பகுதியில் ஓவியங்களைப் பாதுகாத்து வைத்து அனுப்பும் ஒரு கிடங்கில் பத்தொன்பது வருஷம் வேலை செய்தோம். அவர் பேக்கிங் கார்பெண்டர். நான் கண்டிஷன் ரிப்போர்ட் எழுதுகிறவள். ஒரு படம் பெட்டியிலிருந்து வெளியே வரும்போது எங்கே கீறல், எங்கே சாயம் உதிர்ந்திருக்கிறது, சட்டத்தில் எந்த மூலை விட்டிருக்கிறது என்று பார்த்து எழுத வேண்டும். நான் தூத்துக்குடிக்காரி, வாய் சும்மா இருக்காது. அவர் வாயைத் திறப்பதே அபூர்வம். பெட்டியைத் திறக்கும்போது அவர் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் நிற்போம். என் கண் படத்தின்மேல் இருக்கும், அவர் கண் மூடியின்மேல் இருக்கும்.

அவர் செய்த பெட்டிகளைப் பற்றி நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. லண்டனுக்கும் டோக்கியோவுக்கும் போய்த் திரும்பி வந்த பெட்டிகளில் ஒரு திருகாணி தளர்ந்திருக்காது. ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் மேனேஜரோடு அவருக்கு ஓயாத சண்டை. பெட்டியின் வெளிப்பக்கம் கண்ணாடித் தம்ளர் படமும், மேல்நோக்கிய அம்புக்குறியும் அச்சுக் குத்த வேண்டும் என்பது சட்டம். உடையும் பொருள், நிமிர்த்தி வை என்று அர்த்தம். உலகம் முழுக்க அப்படித்தான். அண்ணன் அதை மட்டும் தன் கையால் செய்ய மாட்டார். பெட்டியை முடித்து, துடைத்து, வேறு யாரையாவது கூப்பிட்டு, "நீ குத்துய்யா" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விடுவார். ஒரு தடவை நான் வம்பாகக் கேட்டேன், தம்ளர் படத்தோடு உங்களுக்கு என்னண்ணே பகை என்று. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அந்தப் படம் நல்லவனுக்கு ஒண்ணு சொல்லும் தங்கச்சி, களவாணிக்கு வேற ஒண்ணு சொல்லும்."

அந்தப் பேச்சு அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. புரியும்படி அவர் சொன்னதற்குக் காரணம் நான் அவருக்கு எதிராக எழுதிய ஒரு மெமோ. ஒரு வாடிக்கையாளரின் பெட்டி, இன்னும் திறக்க அனுமதி வரவில்லை, முத்திரை இருந்தது. அண்ணன் அதன் ஆணிகளைக் கழற்றி மூடியைத் திருப்பிப் பார்த்துவிட்டு மறுபடி அடித்து வைத்திருந்தார். கேமராவில் எல்லாம் இருந்தது. கிடங்கே கூடிப் பேசியது. ஆவணங்களுக்கு நான் பொறுப்பு என்பதால் எச்சரிக்கைக் கடிதம் என் கையெழுத்தில் போனது. நான் ஒன்றையும் விடவில்லை, நேரம் முதற்கொண்டு எழுதினேன். மறுநாள் கேன்டீனில் சாப்பாட்டுத் தட்டோடு என் எதிரில் வந்து உட்கார்ந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நானும் தயாரானேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "ஏன் திறந்தேன்னு மட்டும் நீ எழுதல. உனக்குத் தெரியாது, அதான் எழுதல" என்றார். அப்புறம் சொன்னார். சாப்பாட்டு நேரம் முடிந்து மணி அடித்தும் நாங்கள் எழுந்திருக்கவில்லை.

அவர் முதலில் வந்தது குவைத்துக்கு. ஒரு பேக்கிங் கம்பெனியில் இரண்டு வருஷம் வேலை. அதற்குப் பிறகு ஒரு பெரிய வீட்டில் மரவேலைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டார். அந்த வீட்டுக்காரரை அவர் பாபா என்றுதான் சொல்லுவார், அங்கே எல்லாரும் முதலாளியை அப்படித்தான் கூப்பிடுவார்களாம். பாபாவுக்கு ஒரு தம்பி இருந்திருக்கிறார், ஓவியர். கார் விபத்தில் சின்ன வயதிலேயே போய்விட்டார். அவர் வரைந்த படங்கள் எல்லாம் அந்த வீட்டில் இருந்தன. பாய்மரப் படகு, முத்துக் குளிக்கிறவர்கள், பழைய சந்தை. உலகத்தில் யாரும் ஏலத்தில் கேட்கிற படங்கள் இல்லை. அந்த வீட்டுக்குத்தான் அவை பெரிசு. அதற்குச் சட்டம் போடவும் அலமாரி அடிக்கவும்தான் அண்ணனை வைத்திருந்தார்கள்.

அதில் ஒரு படம் பாபாவின் தாயாருடையது. அந்தம்மா உயிரோடு இருந்தவரை ஒரு போட்டோ எடுக்க விட்டதில்லை. ஓவியரான அந்த இளைய மகன் வரைவதற்கு மட்டும் ஒரே ஒரு தடவை உட்கார்ந்திருக்கிறார், அதுவும் சும்மா உட்காரவில்லை. மடியில் தாம்பாளத்தை வைத்துக்கொண்டு அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருக்கிறார். முகம் குனிந்தபடி இருக்கிறது. அந்த முகத்துக்கு உலகத்தில் வேறு சாட்சி கிடையாது. பாபா தினமும் காலையில் அந்தப் படத்தின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் காபி குடிக்கப் போவாராம். "எங்க ஆத்தாவும் அப்படித்தான் அரிசி பொறுக்கும்" என்று அண்ணன் சொன்னார். அவருடைய சிவகங்கைப் பக்கத்தில் அம்மாவை ஆத்தா என்பார்கள். அந்தப் படத்துக்கும் அவர் வைத்த பேர் ஆத்தா படம்.

ஈராக் படை குவைத்துக்குள் நுழைந்த அந்த ஆகஸ்டில் பாபாவின் குடும்பம் விடுமுறைக்கு ஐரோப்பா போயிருந்தது. வீட்டில் அண்ணனும், குட்டன் என்கிற மலையாளிச் சமையல்காரரும் மட்டும். போன் இல்லை. கேட்பதற்கு ஆள் இல்லை. அக்கம்பக்கத்து வீடுகளில் சீருடைக்காரர்கள் புகுந்து ஏசி, டிவி, மெத்தை என்று ஏற்றிக்கொண்டு போவதை மாடியிலிருந்து இவர்கள் பார்க்கிறார்கள். குட்டன், கிளம்பிவிடலாம் என்று நச்சரித்திருக்கிறார். அண்ணன் கேட்கவில்லை. படங்களை இப்படியே சுவரில் விட்டுவிட்டு எப்படிப் போவது என்று, வேலைக்காரர்களின் கட்டிலையும் அலமாரிக் கதவுகளையும் பிரித்து அந்தப் பலகையில் பெட்டி அடிக்க ஆரம்பித்தார்.

ஒரு வாரம் அடித்தார்கள். பன்னிரண்டு பெட்டி. மூலைக்கு மெத்தைப் பஞ்சு, சுற்றுவதற்குத் திரைச்சீலை, அதன்மேல் பிளாஸ்டிக் தாள். எந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்பதை மூடியின் உள்பக்கம் தமிழில் எழுதினார், வேறு யாருக்கும் தெரியக் கூடாதென்று. ஆத்தா படம் ஏழாம் பெட்டி, தனியாக. அதற்கு மட்டும் தன் கல்யாண வேட்டியைச் சுற்றினார். அந்த மூடியில் மட்டும் கொஞ்சம் கூடுதலாக எழுதியிருக்கிறார், தனக்கு ஏதாவது ஆகிவிட்டால் கண்டெடுக்கிற தமிழன் யாராவது படிப்பான் என்று. என்ன எழுதினார் என்று அன்றைக்குக் கேன்டீனில் எனக்கு வரிக்கு வரி சொன்னார். பன்னிரண்டையும் பின்கட்டு ஸ்டோரில் அடுக்கி, முன்னால் அரிசி மூட்டைகளைப் போட்டு மறைத்தார்கள்.

எல்லாம் சரியாகச் செய்தார். கூடவே இன்னொரு காரியமும் செய்தார், அது பழைய பேக்கிங் கம்பெனி அவருக்குச் சொல்லித் தந்ததுதான். பெட்டியை முடித்ததும் கரித்துண்டால் ஒவ்வொன்றின் நான்கு பக்கமும் தம்ளர் படமும் அம்புக்குறியும் போட்டார். போடாமல் விட்டால் பெட்டி முடிந்த மாதிரியே அவருக்குத் தோன்றவில்லை. கை பழகிவிட்டது. யாருக்காகப் போடுகிறோம் என்று ஒரு நிமிஷம் நினைத்திருந்தால் போட்டிருக்க மாட்டேன் என்றார். நினைக்கவில்லை.

சிப்பாய்கள் அரிசிக்காகத்தான் வந்தார்கள். மூட்டையைத் தூக்கினார்கள், பின்னால் தம்ளர் படம் போட்ட பன்னிரண்டு பெட்டி நின்றது. பக்கத்து வீட்டில் சுவரில் தொங்கிய ஓவியங்களை அவர்கள் தொடவே இல்லை, குட்டன் பிறகு போய்ப் பார்த்திருக்கிறார், டிவி போன இடத்துக்கு நேர் மேலே படம் அப்படியே மாட்டியபடி இருந்திருக்கிறது. இங்கே ஏதோ பெரிய சாமான் என்று அதிகாரியைக் கூப்பிட்டார்கள். லாரி வந்தது. ஏற்றுவதற்கு இவர்களையே பிடித்து நிறுத்தினார்கள். இதைச் சொல்லும்போது அண்ணன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். ஒரு சிப்பாய் ஏழாம் பெட்டியைப் படுக்கப் போட்டானாம். அண்ணன் வாயிலிருந்து, "ஃபோக், ஃபோக்" என்று வந்துவிட்டது. மேலே, மேலே, நிமிர்த்தி வை என்று. அவன் நிமிர்த்தி வைத்தான். அண்ணன் அதோடு விடவில்லை, லாரி கிளம்பும்போது பெட்டி ஆடுவதைப் பார்த்துவிட்டு ஓடிப்போய் ஏறி, கயிற்றை இழுத்து முடிச்சும் போட்டுவிட்டு இறங்கினார். "களவு போற சாமானுக்கு நானே கயிறு கட்டிக் குடுத்தேன் தங்கச்சி. அவன் எனக்கு சுக்ரன்னு நன்றி சொல்லிட்டுப் போனான்."

பிறகு பஸ்ஸில் பாக்தாத், அம்மான், அங்கிருந்து விமானம் என்று எல்லாரையும் போல ஊர் வந்து சேர்ந்தார். போர் முடிந்த அடுத்த வருஷம் பாபாவிடமிருந்து விசா வந்தது. கொள்ளை போன அருங்காட்சியகச் சாமான்களைத் திருப்பித் தந்தபோது அவற்றோடு சேர்ந்து இந்தப் பெட்டிகளும் வந்திருக்கின்றன, ஒன்றைத் திறந்து பார்த்தபோது மூடியில் இருப்பது என்ன எழுத்து என்று யாருக்கும் தெரியவில்லை, அதற்குத்தான் அண்ணனை வரவழைத்தார்கள். அண்ணன் அவ்வளவு சந்தோஷமாகப் போனார். மனைவியிடம், வேட்டியைத் திரும்ப வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

பதினோரு பெட்டிதான் வந்திருந்தது. ஏழு இல்லை. பாபாவும் அவருடைய மூத்த மகனும் நிற்க, ஒவ்வொன்றாகத் திறந்தார். ஒரு படத்தில் ஒரு கீறல் இல்லை. அவருக்குப் பெருமையாக இருந்ததாம், அதைச் சொல்லும்போது வெட்கப்பட்டார். அந்தக் கீறல் இல்லாததுதான் வினையாக முடிந்தது. மூத்த மகன் கேட்டான், திருடுகிறவன் இப்படிப் பேக் பண்ணுவானா என்று. வீட்டுக் கட்டிலை உடைத்து, எண் போட்டு, குறி போட்டு, உன் பாஷையில் எழுதி, யாருக்காகத் தயார் பண்ணினாய், ஏழாம் பெட்டியை எங்கே இறக்கினாய். அண்ணனுக்குத் தெரிந்த அரபி அரிசி, ஆணி, சுத்தியல் அளவுக்குத்தான். உங்களுக்காகத்தான் என்று சொல்லப் பார்த்தார். அது ஏழாம் மூடியில் எழுதியிருக்கிறது என்று சொன்னார். இல்லாத பெட்டியில் எழுதியிருக்கிறது என்று சொன்னால் எவன் நம்புவான். பாபா கடைசிவரை அண்ணனின் முகத்தையே பார்க்கவில்லை. மகன்தான் கலாஸ், முடிந்தது என்றான். அந்த வாரமே விசாவை ரத்து செய்து ஊருக்கு விமானம் ஏற்றிவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் அவர் புஜைராவுக்கும் அப்புறம் துபாய்க்கும் வந்தது.

அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது, அண்ணன் தேடியது படத்தை மட்டும் இல்லை. படம் கிடைத்தால் நல்லது. ஆனால் அந்த மூடி கிடைக்க வேண்டும். தான் திருடவில்லை என்று அதில்தான் இருந்தது, அவர் கையெழுத்தில், அந்த ஆகஸ்டில் எழுதியது. அந்த வீட்டில் ஒருத்தர் உயிரோடு இருக்கும்போதே அதைக் காட்ட வேண்டும் என்பதற்காக வளைகுடாவின் ஒவ்வொரு துறைமுகத்துப் பெட்டியையும் அந்த மனுஷன் முப்பது வருஷமாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அதற்கு மெமோ எழுதினேன். மேனேஜரிடம் போய் மெமோவைத் திரும்பப் பெறப் பார்த்தேன், பதிவேட்டில் ஏறிவிட்டது, முடியாது என்றுவிட்டார். அண்ணனிடம் சொன்னபோது, "விடு, எழுதினது எழுதினதுதான்" என்று சிரித்தார்.

அவர் மனைவி இருந்தவரை அந்த வேட்டியைக் கேட்டுக்கொண்டேதான் இருந்தாராம். ஒவ்வொரு லீவுக்கும் வாசலில் வைத்தே, வேட்டி வந்துச்சா என்று கேட்பது அவர்களுக்குள் ஒரு கேலியாகிவிட்டது. அந்தம்மா போன பிறகு அண்ணன் அதைக் கேலியாகச் சொன்னதில்லை.

சிறுநீரகம் கெட்டு, போன வருஷம் விசாவை முடித்து, ஃபைனல் எக்ஸிட்டில் ஒரேயடியாக ஊருக்குப் போனார். கிடங்கில் அவருக்கு ஒரு கேக் வெட்டினோம், உங்களில் சிலர் வந்திருந்தீர்கள். கேக்கைத் தின்றுவிட்டு, அன்றைக்கு இறங்கியிருந்த மூன்று பெட்டிகளின் மூடியையும் பார்த்துவிட்டுத்தான் கார் ஏறினார். அதற்கப்புறம் வாரம் ஒருதரம் போன் வரும். உடம்பு எப்படி என்று நான் கேட்பேன், அதை விடு என்பார். பிறகு எப்போதும் ஒரே கேள்விதான். "எதாவது வந்துச்சா தங்கச்சி?"

வந்தது. அவர் இறப்பதற்குப் பதினோரு நாள் முன்னால்.

பழைய விளக்குகள் வாங்கி விற்கும் ஒருவர் அம்மானிலிருந்து அனுப்பிய சரக்கு. நாலைந்து பெட்டி, அதில் ஒன்று மட்டும் வெளியே நீல பெயின்ட் அடித்தது. உள்ளே பித்தளை விளக்குகள், செய்தித்தாளில் சுற்றி. நான் விளக்குகளைப் பார்த்து எழுதி முடித்துவிட்டேன். அண்ணன் இல்லாத குறைக்கு யாராவது பார்க்க வேண்டுமே என்று கடந்த ஒரு வருஷமாக மூடிகளை நான்தான் திருப்பிக்கொண்டிருந்தேன். பார்ப்பேன், ஒன்றும் இருக்காது, வைத்துவிடுவேன். அன்றைக்குத் திருப்பியதும் தமிழ் எழுத்து தெரிந்தது. பென்சில் எழுத்து, அங்கங்கே எண்ணெய்க் கறை. பலகையில் கட்டில் சட்டம் பொருத்தின துளைகூட இருந்தது. பக்கத்தில் இருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து படித்தேன்.

"7. பாபாவோட ஆத்தா படம். பாபா வந்ததும் அவர் கையிலயே குடுக்கணும். நான் உசுரோட இல்லாட்டியும் யாராச்சும் குடுத்துருங்க. வேற யாருக்கும் குடுக்கக் கூடாது. சேவுகன், சிவகங்கை."

கேன்டீனில் அவர் சொன்னதற்கும் இதற்கும் ஒரு சொல் வித்தியாசம் இல்லை.

உடனே போன் செய்திருக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். கேளுங்கள், நானும் என்னைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். மேனேஜர், இது வாடிக்கையாளர் சொத்து, அவர் அனுமதி இல்லாமல் போட்டோ எடுக்கக் கூடாது, வெளியே பேசக் கூடாது என்றார். ஆனால் நான் அதற்குப் பயந்தவள் இல்லை, மறைத்து ஒரு போட்டோ அன்றைக்கே எடுத்துவிட்டேன். அதைச் சாக்காகச் சொல்ல மாட்டேன். விஷயம் வேறு. மூடி கிடைத்தது என்றால் அண்ணன் அடுத்து என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும். ஆத்தா எங்கே என்று கேட்பார். அதற்கு ஒரு பதிலோடு சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். பெட்டி யாரிடமிருந்து வந்தது, அதற்கு முன் யாரிடம் இருந்தது என்று விளக்குக்காரருக்கு எழுதிக் கேட்டேன். பாதி ரிப்போர்ட்டை நான் யாருக்கும் அனுப்பினவள் இல்லை. இருபது வருஷமாக அப்படித்தான். கை பழகிவிட்டது.

ஆறாம் நாள் அண்ணனே கூப்பிட்டார். குரல் ரொம்பத் தளர்ந்திருந்தது. வாரம் மூன்று தடவை ஊசி குத்திக் கை வீங்கிக்கிடக்கிறது என்று அவராகச் சொன்னதே எனக்கு உறைத்திருக்க வேண்டும், தன் உடம்பைப் பற்றி அவராகப் பேசுகிற ஆள் இல்லை. வழக்கம்போலக் கேட்டார். போட்டோ என் போனில் இருக்கிறது, அதே போனில்தான் பேசிக்கொண்டிருக்கிறேன். "ஒண்ணும் வரலண்ணே" என்றேன். சரி என்றார். பிறகு, "நீ பாக்குறதான?" என்றார். பார்க்கிறேன் என்றேன். அதுதான் நாங்கள் கடைசியாகப் பேசியது.

அவர் இறந்து மூன்றாம் நாள் விளக்குக்காரரிடமிருந்து பதில் வந்தது. அம்மானில் ஒரு பழைய சாமான் கடையை மொத்தமாக எடுத்ததாகவும், பெட்டி அந்தக் கடையிலேயே கிடந்ததாகவும், கடைக்காரர் அதில் நெடுநாள் குழாய்ச் சாமான்கள் போட்டு வைத்திருந்ததாகவும் எழுதியிருந்தார். உள்ளே படம் இருந்ததாக யாரும் சொல்லவில்லை. சுற்றிய வேட்டியும் இல்லை. நான் காத்திருந்த முழு ரிப்போர்ட் அவ்வளவுதான். அந்தப் படத்தை எவன் வெளியே எடுத்தான், மரச் சட்டத்துக்காக எடுத்து வரைந்த துணியை எறிந்தானா, எந்த ஊரில் என்று இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. பெட்டி மட்டும் நன்றாக இருந்தது. முப்பது வருஷத்துக்கு மேல் எவன் எவனோ இரும்பும் பித்தளையும் போட்டு இழுத்தும் ஒரு மூலை விடவில்லை. அதையும் என் ரிப்போர்ட்டில் எழுதினேன்.

குவைத் வீட்டின் போன் எண்ணை அண்ணன் தன் பர்ஸில் வைத்திருந்தார், பூங்கொடி அதைப் படம் எடுத்து அனுப்பினாள். அது எப்போதோ செத்துப்போன எண். எங்கள் டிரைவர் ஒஸ்மான், சூடான்காரர், அண்ணனோடு ஒரே ரூமில் ஏழு வருஷம் இருந்தவர், யார் யாரையோ பிடித்து மூத்த மகனின் எண்ணைக் கண்டுபிடித்தார். பாபா காலமாகி ரொம்ப வருஷம் ஆகிறது. மகனே இப்போது தாத்தா. மூடியின் போட்டோவும், நான் அர்த்தம் சொல்ல ஒஸ்மான் அரபியில் எழுதிய வாசகமும் அனுப்பினேன். அனுப்பும்போது மேனேஜரிடம் சொல்லிவிட்டுத்தான் அனுப்பினேன், எனக்கும் ஒரு மெமோ வந்தது. வரட்டும்.

நாலு நாள் பதில் இல்லை. ஐந்தாம் நாள் ஒரே வரி வந்தது. "படம் எங்கே?" இல்லை, பெட்டி மட்டும்தான் என்று எழுதினேன். எனக்கு அந்த வரியைப் பார்த்ததும் உடம்பெல்லாம் எரிந்தது. இவ்வளவுக்கு அப்புறமும் அதுதானா கேள்வி என்று ஒஸ்மானிடம் கத்தினேன். சாயங்காலம் இன்னொரு வரி வந்தது. "சேவுகன் இப்போது எங்கே இருக்கிறார்?" போய்விட்டார் என்று எழுதினேன், எந்த நாள் என்பதையும் எழுதினேன். இரண்டு டிக்கும் நீலமாக மாறின. அதற்கு மேல் எதுவும் வரவில்லை. அந்த மனிதர் என்ன நினைத்தார் என்று எனக்குத் தெரியாது, தெரிந்த மாதிரி எழுதி உங்களைச் சமாதானப்படுத்தவும் மாட்டேன். அண்ணன் திருடவில்லை என்பது இப்போது குவைத்தில் ஒரு வீட்டுக்குத் தெரியும். அது தெரிந்துவிட்டது என்பது அண்ணனுக்குத் தெரியாது.

விளக்குகளை இறக்கியதும் பெட்டியை உடைத்துக் குப்பையில் போடச் சொல்லிவிட்டார்கள். மூடியை மட்டும் கேட்டேன், எடுத்துக்கொள் என்றார்கள். ஒஸ்மானின் பிக்கப்பில் போட்டு ஷார்ஜாவில் என் ஃபிளாட்டுக்குக் கொண்டுவந்தேன். பூங்கொடி வேண்டுமென்றால் ஆள் போகும்போது கொடுத்தனுப்புவேன். இப்போதைக்கு, அப்பா கையெழுத்தைப் பார்க்கத் தெம்பில்லை அத்தை, உங்களிடமே இருக்கட்டும் என்றிருக்கிறாள். படுக்கையறைச் சுவரில் சாய்த்து, எண் மேலே வரும்படி நிமிர்த்தி வைத்திருக்கிறேன். உங்களில் யாருக்காவது பார்க்க வேண்டும் என்றால் வாருங்கள். தொட்டுப் பார்க்கலாம், படுக்கப் போட வேண்டாம்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தப் பலகையும் ஒரு கேள்வியும்தான். அவர் கூப்பிடுகிற நேரத்தில் போன் அடித்தால் இப்போதும் எடுத்துப் பார்க்கிறேன். முழுசாகத் தெரிந்த பிறகு சொல்லலாம் என்று யாரிடம் எதை வைத்திருந்தாலும் நீங்கள் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். நான் ஆறாம் நாள் சொல்லியிருக்க வேண்டியதை இங்கே சொல்லிக்கொள்கிறேன், அவருக்குக் கேட்காது என்று தெரிந்தே சொல்கிறேன்.

வந்துச்சுண்ணே. பெட்டி மட்டும்தான் வந்துச்சு.